அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்: "ஆவடியிலிருந்து கோவில்பதாகை வழியாக அந்தோணியார் நகருக்குப் பேருந்து விடப்பட்டுள்ளது."

என் பென்சில் அதை எழுதி முடித்துவிட்டது. சுருக்கெழுத்தில் ஊறிய கைக்கு அது பழக்கம். காது வாங்கியதை எழுதிவிடும், புத்தி வந்து சேரட்டும் என்று காத்திருக்காது. என் புத்தி வந்து சேர்ந்தபோது நான் மேசைக்கடியில் என் கால்களைப் பார்த்தேன். புடவையின் கீழ்க்கரையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

அது அந்தோணியார் நகர்ச் சேறு. நான் குடியிருந்தது அங்கேதான். அன்று காலையும் அந்தச் சேற்றில் இறங்கி நடந்துதான் ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் பிடித்து, கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் நகருக்குப் பேருந்து விட்டிருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்.

சட்டப் பேரவையில் கேள்வி நேரம். கேள்வி கேட்டவர் எங்கள் பகுதி உறுப்பினர். பழைய தொழிற்சங்கத்துக்காரர், ஒலிபெருக்கி வேண்டாத குரல். இதே பேருந்துக்காக முன்பும் எழுந்து நின்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தடவை பதிலைக் கேட்டும் உட்காரவில்லை. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். துண்டைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"நன்றிங்க. அந்த பஸ்ஸு எங்க வந்து நிக்குதுன்னு அமைச்சர் சொன்னார்னா, நாங்க ஓடிப்போய் ஏறிக்கினு வந்துருவோம்."

சபை சிரித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு, உறுப்பினருக்கு விவரம் தெரிவிக்கப்படும் என்று சொல்லி அமர்ந்தார். பேரவைத் தலைவர் அடுத்த வினாவை அழைத்தார். நான் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று போட்டேன்.

அந்த ஒரு சொல் பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

வாய் இல்லாத உத்தியோகம்

எங்களுக்குப் பேரவையில் "நிருபர்" என்று பெயர். இதனால் கல்யாண வீடுகளில் நான் பட்ட தொல்லை கொஞ்சமல்ல. எந்தப் பத்திரிகை என்பார்கள். பத்திரிகை இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். பேரவையில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு விரித்து எழுதித் தருவது எங்கள் வேலை. சில நிமிடங்களுக்கு ஒருவர் என்று முறை வைத்து உள்ளே போய் உட்காருவோம், எழுந்து வருவோம்.

என் கணவர் ஞானராஜ் இதை வேறு மாதிரி சொல்வார். "ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பேசறதுக்கு சம்பளம். எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் பேசாம இருக்கறதுக்கு சம்பளம்" என்பார். வீட்டில் நான் அந்தக் கணக்கை நேர்செய்துவிடுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

எங்கள் தலைமை நிருபர் குப்புசாமி ஐயா. வெள்ளைச் சட்டை, பையில் வெற்றிலை டப்பா, மூக்கின் நுனியில் கண்ணாடி. அடைப்புக்குறி விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். பேச்சுக்கு நடுவில் யாராவது குறுக்கே பேசினால் "குறுக்கீடு" என்று போடுவோம். மேசையைத் தட்டினால் அதையும் போடுவோம். ஆனால் சிரிப்பை மட்டும் இஷ்டத்துக்குப் போட விடமாட்டார். ஓரத்தில் ஒருவர் சிரித்தால் அது அவர் சொந்த விஷயம், சபையே சிரித்தால்தான் குறிப்பில் ஏறும் என்பது அவருடைய சட்டம். சேர்ந்த புதிதில் நான் ஆசையாகப் போட்ட சிரிப்புகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்.

இன்னொரு வேலையும் எங்களுக்கு உண்டு. உறுப்பினர்கள் அவரவர் ஊர்ப் பேச்சில் பேசுவார்கள். அதை அச்சுக்குப் போகிற தமிழாக மாற்ற வேண்டும். "வுட்டாங்க" என்றால் "விட்டார்கள்" என்று எழுத வேண்டும். சுலபமாகத்தான் தெரியும். அது எப்படியெல்லாம் காலை வாரும் என்பதற்கு ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

பாடியைத் தாண்டிய கதை

திருநெல்வேலியிலிருந்து புதிதாக ஒருவர் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். கெட்டிக்காரர், வேகமான கை. மெட்ராஸுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

எங்கள் உறுப்பினர் ஒருநாள் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினார். "காலங்காத்தால பாடியாண்ட லாரிங்க வரிசையா நின்னுக்கினு கீது. பாடிய தாண்டறதுக்கே ஒரு மணி நேரம் ஆவுது" என்றார். தொழிற்சாலைகள் நிறைந்த பாடி சந்திப்பைப் பற்றித்தான் பேசினார். அம்பத்தூர், ஆவடி பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் சந்தேகமே வராது.

நம் திருநெல்வேலிக்காரருக்கு வந்தது. அவர் கேள்விப்பட்ட "பாடி" ஆஸ்பத்திரியில் தருகிற பாடிதான். அதைப் போய் அப்படியே எழுதலாமா என்று யோசித்திருக்கிறார். நல்ல தமிழில் மாற்றினார். குப்புசாமி ஐயா மேசைக்கு வந்த தாளில், "சடலத்தைத் தாண்டிச் செல்வதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது" என்று இருந்தது.

ஐயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி படித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி உரக்கப் படித்துக் காட்டினார். அந்த மனிதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி பாடியை நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் தமிழில் யாருமே தப்பிக்க முடியாது. என் கதையும் அப்படி ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு ஜோடி செருப்பு

அந்தோணியார் நகர் என்றால் அப்போது கொஞ்சம் வீடுகள், நிறைய வெட்டவெளி, பெயருக்குக் காரணமான ஒரு சின்ன ஓட்டுக் கோயில். கோவில்பதாகையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மனை விற்றவர் எங்களைக் கோடைக்காலத்தில் கூட்டிப்போய்க் காட்டினார். மழைக்காலத்தில் காட்டுகிற தரகர் எந்த ஊரிலாவது இருக்கிறாரா, சொல்லுங்கள்.

முதல் மழைக்கு ஏரிப் பக்கத்துத் தண்ணீர் வழிந்து வந்து பாதை முழுக்கக் களிமண்ணாகிவிட்டது. காலை வைத்தால் திருப்பித் தராது. மழை விட்டு மாதக்கணக்கானாலும் காயாது. ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பேன். கோவில்பதாகையில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரரின் மனைவி ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். காலைக் கழுவி, செருப்பை மாற்றி, ரப்பர் செருப்பை அவர்கள் கூரையில் செருகிவிட்டுப் போவேன். அந்தக் கூரையில் எப்போதும் எங்கள் நகர்க்காரர்களின் செருப்புகள் வரிசையாகத் தொங்கும். பார்த்தால் டீக்கடை என்றே தெரியாது.

பக்கத்து வீட்டு ரஹமத்தின் பாடு என்னுடையதைவிட மோசம். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள், குமணன்சாவடியில் விடிய விடிய பஸ் ஓடுவதைப் பார்த்தவள். கட்டிக்கொண்டு வந்தது இந்தக் களிமண்ணுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சட்டைகளுக்கு காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பாள். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் போவாள். மூட்டை நனைந்தால் அன்றைய வேலை போச்சு. வாய் மட்டும் ஒருநாளும் ஓயாது. "எங்க அம்மா ஊட்டாண்ட நின்னா போதும்க்கா, பஸ்ஸு வந்து நம்மள இடிக்கும். இங்க பஸ்ஸ பாக்கறதுக்கே பஸ் புடிச்சுப் போவணும்" என்பாள்.

அமைச்சர் பதில் சொன்னதற்கு முந்தின மழைக்கு நான் அந்தச் சேற்றில் விழுந்துவிட்டேன். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு பிசகி, கூட்டத்தொடர் நடக்கும்போது கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பென்சில் பிடித்தால் விரல் நடுங்கியது. ஞானராஜ் பயந்துபோனார். அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார், சைக்கிளிலேயே போய்வருவார். அந்த வாரமே பாடியில் ஒரு போர்ஷன் பார்த்து வைத்துவிட்டார்.

"உன் கைதான் எஸ்தர் உன் வேலை. அது போச்சுன்னா இந்த வீட்ட வெச்சுகினு இன்னா பண்றது? அடுத்த மழைக்கு முன்னால பஸ் வரலன்னா, இத யாருக்காவது குடுத்துட்டுக் கெளம்பிடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது எங்கள் முதல் வீடு. செங்கல் வந்து இறங்கிய அன்று நாங்கள் இரண்டு பேரும் அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அதை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. வீட்டுக்கும் மழைக்கும் நடுவில் ஒரு பேருந்துதான் இருந்தது. அதைத்தான் அமைச்சர் விட்டாகிவிட்டது என்று சொன்னார்.

பேப்பரில் வந்த பஸ்

மறுநாள் காலை பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்துவிட்டது. அந்தோணியார் நகருக்குப் பேருந்து விடப்பட்டுள்ளது, பேரவையில் அமைச்சர் தகவல்.

ஞானராஜ் பேப்பரை என் முன்னால் நீட்டி, இது நீ எழுதினதா என்று கேட்டார். எழுதினது நான், சொன்னது அமைச்சர் என்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். எருமை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

நான் கிளம்பி முனைக்குப் போனால், மின்கம்பத்தடியில் ஒரு கூட்டம். தூக்குவாளியும் கையுமாக ஆண்கள், சீருடையில் பிள்ளைகள், துணி மூட்டையோடு ரஹமத். அமைச்சர் சொல்லி, பேப்பரிலும் போட்டபிறகு யார்தான் நம்பமாட்டார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்த பெண்களையும் பார்த்தேன். 

ரஹமத் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, நீ வேல செய்ற எடத்துல நம்ம நகருக்கு பஸ் வுட்டுகீறாங்களாமே. எங்க நின்னு ஏறணும், சொல்லேன்."

நேற்று உறுப்பினர் கேட்ட அதே கேள்வி. அவர் பேரவையில் கேலியாகக் கேட்டார், இவள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். முதுகில் எல்லோருடைய கண்ணும் இருந்தது.

பிறகு நடந்ததை ரஹமத் சொல்லித்தான் கேட்டேன். உறுப்பினர் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். பஸ் இல்லை, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கூட்டம் கொதித்திருக்கிறது. மறியல் செய்யலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர் தடுத்துவிட்டார்.

"ரோட்ட மறிச்சா நாம தப்பு பண்ண மாதிரி ஆவும். தெனம் காலையில வந்து இங்கயே நில்லுங்க. பஸ் கீதுன்னு சொன்னாங்க, நாங்க பஸ்ஸுக்கு நிக்கறோம், அவ்ளோதான். பஸ்ஸுக்கு நிக்கறவன ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றாராம்.

அன்றிலிருந்து கூட்டம் தினமும் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நிற்பார்கள், பிறகு சேற்றில் இறங்கி நடப்பார்கள். பேப்பர்க்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு எழுத்து

பேப்பரில் செய்தி வந்த அன்று மதியமே நிருபர் அறைக்கு ஒருவர் வந்தார். போக்குவரத்துத் துறையின் பிரிவு அலுவலர், பெயர் வேதமூர்த்தி. ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கையில் குடை, கழுத்தெல்லாம் வியர்வை. பேசியதை விரித்து எழுதியபின் பேசியவர்களின் பார்வைக்கு அனுப்புவது வழக்கம். மொழியில் பிழை இருந்தால் திருத்தலாம், சொன்ன விஷயத்தை மாற்றக்கூடாது. அமைச்சர் பதிலின் தாள் அவர் கையில் இருந்தது.

பாவம், அவர் எதையும் மறைக்கவில்லை. புதுப் பேருந்து விடவேண்டிய ஊர்களின் பட்டியலை டிப்போவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பாதை சரியில்லை என்று டிப்போக்காரர்கள் எங்கள் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தோணியார் நகர் விடப்பட்டது" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். அவசரத்தில் பதில் தயாரித்த வேதமூர்த்தி அதைப் பஸ் விட்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, முழு வாக்கியமாக்கி அமைச்சருக்குக் கொடுத்துவிட்டார். பாடி சடலமான மாதிரி, விட்டுப்போன ஊர் பஸ் விட்ட ஊராகிவிட்டது.

"ஒரு எழுத்துதாம்மா" என்றார் என்னிடம். "விடப்பட்டுள்ளதுன்னு இருக்கு. விடப்படவுள்ளதுன்னு மாத்திட்டா போதும். கேக்கும்போது ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு. காதுல தப்பா விழுந்துடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, என் பென்ஷனுக்கு ஒண்ணும் வராது."

அவர் சொன்னது நிஜம். வேகமாகப் படித்தால் "பட்டுள்ளது", "படவுள்ளது" இரண்டுக்கும் காது தடுமாறும். ஆனால் அச்சில் இரண்டுக்கும் நடுவில் எங்கள் நகரே இருந்தது. "விடப்படவுள்ளது" என்றால் இன்றைக்கும் விடலாம், என் பிள்ளைகள் காலத்திலும் விடலாம். அதைக் கேட்க யாருக்கும் நாக்கு இருக்காது. "விடப்பட்டுள்ளது" என்று நின்றால், நடக்காததை நடந்ததாகப் பேரவையில் சொன்ன குற்றம் வரும். உரிமை மீறல் என்று எதிர்க்கட்சி எழுந்து நிற்கும்.

 நான் கேட்டது "ட்டு"தான் என்று தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ் வேண்டும் என்று ஏங்கிய காது, தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டதோ. எதிரே இந்த மனிதர் வேறு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

யார் சிரித்தார்கள்

தாளை எடுத்துக்கொண்டு குப்புசாமி ஐயாவிடம் போனேன். வேதமூர்த்தி பின்னாலேயே வந்தார். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க வீடு எங்கம்மா?"

"அந்தோணியார் நகர்தான் ஐயா."

ஐயா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்படியானால் இதில் நான் வாயே திறக்கக்கூடாது என்றார். என் காதை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது, என் நல்லதுக்குத்தான் இதைச் சொல்வதாகவும் சொன்னார்.  இத்தனை வருஷம் எழுதிய கை, அன்று ஒரு ஊர்க்காரியின் கையாகிவிட்டது.

ஐயா தாளை மெதுவாகப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"சரி சார். அமைச்சர் 'விடப்படவுள்ளது'ன்னே சொன்னார்னு வெச்சுக்குவோம். இனிமே வரப்போற பஸ். அப்போ உறுப்பினர் எங்க நிக்குதுன்னு ஏன் கேட்டார்?"

"அவர் தப்பா கேட்டுக்கிட்டார்னு வெச்சுக்கலாமே ஐயா."

"வெச்சுக்கலாம். ஒருத்தர் தப்பா கேக்கலாம். அடுத்தாப்ல அடைப்புக்குறிக்குள்ள 'சிரிப்பு'ன்னு இருக்கே. சபை மொத்தமும் சிரிச்சிருக்கு. வராத பஸ் எங்க நிக்குதுன்னு ஒருத்தர் கேட்டா அவரத் திருத்துவாங்க. வந்துடுச்சுன்னு சொன்ன பஸ் எங்கன்னு கேட்டாத்தான் சார் சிரிப்பாங்க."

வேதமூர்த்தி குடையைக் கை மாற்றினார். தயங்கித் தயங்கி, அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. சபையின் சிரிப்பை நீக்க வேண்டுமென்றால் பேரவைத் தலைவர்தான் உத்தரவு போட வேண்டும், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வெற்றிலை டப்பாவையும் நீட்டினார்.

தாள் மாறாமல் அச்சுக்குப் போனது. அமைச்சருக்கு இரண்டு வழிதான் மிச்சம். பேரவையில் எழுந்து நின்று, நான் சொன்னது தவறு என்று திருத்த வேண்டும். இல்லையென்றால் சொன்னதை உண்மையாக்க வேண்டும். முனையில் நிற்கிற கூட்டத்தின் படம் வேறு பேப்பரில் வந்துவிட்டது. பேருந்து விடுவதுதான் சுலபம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஸ்டாப்பிங்

முதலில் லாரிகளில் கிராவல் வந்து கொட்டினார்கள். ரோடு ரோலர் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் அதன் பின்னாலேயே நடந்தார்கள். பிறகு ஒரு காலை, கூட்டம் வழக்கம்போல் நின்றுகொண்டிருக்கும்போது, கோவில்பதாகைப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

பழைய வண்டி. பெயர்ப் பலகைகூட இன்னும் எழுதவில்லை, சிலேட்டில் சாக்பீஸால் எழுதிக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. இத்தனை நாள் நின்றவர்கள், வந்து நின்றதும் ஏறத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஹமத்தான் முதலில் மூட்டையை உள்ளே தள்ளினாள்.

கண்டக்டருக்கு ஊர் புதுசு. இந்த ஸ்டாப்பிங்குக்கு என்ன பேர், டிக்கெட் போடணுமே என்று கேட்டார்.

"அசம்ளின்னு எழுதிக்கோ அண்ணாத்தே" என்றாள் ரஹமத். "சட்டசபையில வுட்ட பஸ்ஸு இது. ரோட்டுக்கு இப்பதான் வந்துகீது."

பஸ்ஸே சிரித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ஞானராஜ் சைக்கிளை வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, பாடி வீட்டுக்காரரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன் என்றார்.  

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸிலிருந்து வேதமூர்த்தி இறங்கினார், மனைவியோடு. மெமோ எதுவும் வரவில்லையாம். பஸ்தான் ஓடுகிறதே, எதற்கு மெமோ கொடுப்பது. "என் பிழை எப்படி ஓடுதுன்னு ஒரு தடவ பாக்கணும்னு தோணிச்சும்மா" என்றார். எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போனார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரை வளைத்து வளைத்துப் பார்த்தார்.

பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டி நூலகத்தில் வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கிறவர்கள் எங்கள் நகருக்குப் பஸ் அன்றைக்கே வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். முனையில் நின்ற காலைகள் எதுவும் அதில் இல்லை.

இப்போது அங்கே சிமென்ட் ரோடு. ஷேர் ஆட்டோக்கள்தான் அதிகம். போன மாதம் ஆவடியிலிருந்து ஒன்றில் வந்தேன். முனை வந்ததும் டிரைவர், "அசம்ளி எறங்கறவங்க சில்லற எடுத்து வெச்சுக்கோங்க" என்றான். எதிரில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண். பக்கத்திலிருந்த பெரியவரிடம், ஏன் இந்த இடத்துக்கு அப்படிப் பேர் என்று கேட்டாள்.

"முன்ன இங்க ஏதோ கம்பெனியோட, பார்ட்ஸ் பூட்டற அசெம்பிளி ஷாப்பு இருந்துச்சும்மா. மூடிட்டானுங்க" என்றார் அவர், கண்ணால் பார்த்த மாதிரி.

திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அடுத்தவர் சொன்னதை மாற்றாமல் எழுதியே காலம் தள்ளியவள், இப்போது போய் மாற்றுவானேன். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உரக்கவே சிரித்துவிட்டேன். ஆட்டோவில் இருந்த எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

குப்புசாமி ஐயாவின் சட்டப்படி ஒருத்தி மட்டும் சிரித்தால் அது குறிப்பில் ஏறாது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.